தண்ணீர் போகும் வழி, சக்கரம் போகும் வழி

மழை நின்று பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மண்வெட்டிகளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஒரே மலைச்சரிவில் இறங்கும் இரண்டு சைக்கிள் தடங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்று மேலிருந்து அடிவாரத்துக்கு நேராக விழுவது. யாரும் திட்டம் போட்டு வெட்டியதில்லை. சில பேர் ஓட்டி ஓட்டியே உண்டானது. அதில் செந்நிறத் தண்ணீர் சலசலத்து ஓடியது. நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம், இரண்டு பக்கமும் பட்டை உரிந்த வேர்கள். மற்றது சரிவைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போவது. அதன்மேல் விழுந்த தண்ணீர் நாலடி தூரம்கூடத் தடத்தோடு ஓடவில்லை. வெளி ஓரமாக வழிந்து சருகுக்குள் இறங்கிவிட்டது. கை வைத்துப் பார்த்தேன். ஈரம் இருந்தது, சேறு இல்லை.

இரண்டுக்கும் ஒரே மண், ஒரே மழை, அநேகமாக ஒரே ஆட்களின் சக்கரங்கள். நகரத்தை ஒட்டிய காட்டு மலைகளில் மவுண்டன் பைக் ஓட்ட விடலாமா கூடாதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் கண்முன் வரும். ஒரு தடம் நிலைக்குமா நாசமாகுமா என்பது, பெரும்பாலும் முதல் சக்கரம் அதில் உருளும் முன்பே, அது சரிவில் எப்படிப் படுத்திருக்கிறது என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

நகரத்தின் ஓரத்தில் பிறந்தது

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு பெருநகரத்தின் அருகில்தான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் கவுண்டி. அங்கே டமல்பயஸ் மலையைச் சுற்றியுள்ள சரிவுகளில் 1970களில் ஓர் இளைஞர் கூட்டம், பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பருத்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்துவந்து இறக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. 1976 அக்டோபர் 21 அன்று, ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், தீயணைப்பு வண்டிகளுக்காகப் போட்ட மண் சாலை ஒன்றில் கடிகாரம் பிடித்து முதல் பந்தயம் நடந்தது. 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தூரம், ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பழைய வகை பிரேக்குகள் அவை. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர்.

அடுத்த ஆண்டே, 1977இல், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே ஒரு சைக்கிளை உருவாக்கினார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்துகொடுத்த சைக்கிள் சட்டகங்களை வைத்து ‘மவுண்டன்பைக்ஸ்’ என்று ஒரு தொழிலைத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்ப்பர் வந்தபிறகு சாதாரண கடைகளிலேயே இந்த வகைச் சைக்கிள் கிடைக்கத் தொடங்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டி ஆகிவிட்டது.

சைக்கிள் பெருகிய வேகத்தில் ஓட்டும் இடம் பெருகவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான். டமல்பயஸின் வடபுறச் சரிவுகளில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தின் குடிநீர்ப் பிடிப்பு நிலம். ஏற்கெனவே நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் பழகிய பாதைகள் அங்கே இருந்தன. ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. அகலமான தீத்தடுப்புச் சாலைகளில் மட்டும் மணிக்கு 15 மைல், பார்வை மறையும் வளைவில் 5 மைல் என்று வேக வரம்பு வைத்தார்கள். விளையாட்டு பிறந்த மலையே அதற்குக் கதவைச் சாத்திய முதல் மலைகளில் ஒன்றானது. 1984இல் அமெரிக்காவின் வனப்பணித்துறை, 1964ஆம் ஆண்டின் காட்டுநிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பகுதிகளில் சைக்கிளும் கூடாது என்று விதிகளில் தெளிவாக எழுதிவிட்டது. இப்படி வரிசையாக வந்த தடைகளின் அழுத்தத்தில் கலிஃபோர்னியாவின் சில சைக்கிள் மன்றங்கள் ஒன்றுகூடி 1988இல் சர்வதேச மவுண்டன் பைசைக்கிளிங் சங்கத்தை அமைத்தன. தடம் வெட்டும் கலையை எழுத்தில் கொண்டுவந்து பரப்பியதில் இந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

நகரத்துக்குப் பக்கத்து மலை ஏன் இவ்வளவு சிக்கலானது? வேலை முடிந்து வந்த பிறகு மாலையில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் போய்வரக்கூடிய காடு அது ஒன்றுதான். தொலைதூர மலைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போவோம்; பக்கத்து மலைக்கு வாரத்துக்கு மூன்று முறை. நடப்பவர், ஓடுபவர், நாயோடு வருபவர், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருபவர், எல்லோருக்கும் அதே கணக்குதான். வீடு கட்ட முடியாத அளவுக்குச் செங்குத்து என்பதாலோ, நகரத்தின் குடிநீர் அங்கிருந்து வருகிறது என்பதாலோதான் அந்தக் காடு மிஞ்சியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தடத்திலிருந்து கரையும் ஒவ்வொரு கூடை மண்ணும் யாரோ ஒருவரின் குடிநீர் ஓடையில் போய்ச் சேர்கிறது.

சரிவில் பாதி

தடம் வெட்டுபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது ‘பாதி விதி’. மலைச்சரிவின் சாய்வு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு இருக்கக்கூடாது. 100 மீட்டர் கிடைதூரத்துக்கு 16 மீட்டர் உயரம் ஏறும் சரிவென்றால் தடம் 8 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. காரணம் எளிது. தண்ணீர் எப்போதும் தனக்கு மிக எளிதான இறக்கத்தையே தேடும். தடம் சரிவைக் குறுக்காகக் கடந்தால் தண்ணீருக்குத் தடத்தைத் தாண்டிக் கீழே போவதுதான் எளிது. தடமே சரிவோடு சேர்ந்து இறங்கினால் அது தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடுகிறது. நாங்கள் மழையில் பார்த்த நேர்க்கோட்டுத் தடம் அப்படிப்பட்ட வாய்க்கால்தான்.

புதிதாக வருபவர்கள் சமதரையைப் பார்த்தால் ‘இங்கே வெட்டுவது சுலபம்’ என்பார்கள். உண்மையில் சமதரைதான் மோசம். தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கும். தேங்கிய இடத்தில் சேறாகும். சேற்றைத் தவிர்க்க ஒருவர் ஓரமாகப் போவார், அடுத்தவர் அதற்கும் ஓரமாகப் போவார். ஒரே பருவத்தில் முக்கால் மீட்டர் தடம் மூன்று மீட்டர் சகதியாகிவிடும். நடுத்தரமான குறுக்குச் சரிவுதான் தடத்துக்கு உகந்த இடம்.

பாதி விதியோடு இன்னும் சில அளவுகளும் சேரும். முழுத் தடத்தின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தடத்தின் தளம் வெளிப்பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளி ஓரம் 5 செ.மீ. தாழ்ந்திருக்கும். இந்த 5 செ.மீ.தான் முதலில் காணாமல் போவதும். சக்கரங்கள் நடுப்பகுதியை அமுக்க அமுக்க, ஒதுங்கும் மண் வெளி ஓரத்தில் வரப்புபோலச் சேர்ந்துவிடும். விரல் உயர வரப்புதான், ஆனால் தண்ணீர் வெளியேற முடியாது. பராமரிப்பு வேலையில் பாதி நேரம் இந்த வரப்பைச் சுரண்டி எடுப்பதிலேயே போகிறது. புகைப்படம் எடுக்கத் தகுந்த வேலை இல்லை. ஆனாலும் ஒரு தடத்தின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு ஈடான வேலையை நான் பார்த்ததில்லை.

என் மனதுக்கு மிகவும் பிடித்த உத்தி இனிமேல் வருவது. இறங்கிக்கொண்டே போகும் தடத்தை 6 முதல் 15 மீட்டருக்கு ஒருமுறை கொஞ்ச தூரம் மேலே ஏற விடுவார்கள். ஏற்றம் தொடங்கும் தாழ்ந்த புள்ளியில் தண்ணீருக்கு மேற்கொண்டு போக வழியில்லை. வெளியே வழிந்தே ஆக வேண்டும். வேகமெடுத்துப் பெருகுவதற்குள் ஓட்டம் முறிந்துவிடுகிறது. சைக்கிளில் வருபவருக்கோ அது ஓர் அலை. முழங்காலை மடக்கி அமுங்கி, மேட்டில் எழுந்து, பெடலை மிதிக்காமலே அடுத்த அலைக்குப் போய்விடலாம். தண்ணீருக்கு அணை, ஓட்டுபவருக்கு ஊஞ்சல். மண்ணைக் காப்பாற்றும் வடிவமே உடம்புக்கு இன்பமாகவும் இருப்பது இயற்கை நமக்குக் கொடுத்த சலுகை என்றுதான் நினைக்கிறேன். காட்டுக்கு நல்லது செய்ய ஓட்டுபவர் எதையும் இழக்க வேண்டியதில்லை. நன்றாக வெட்டிய தடத்தில் சந்தோஷமாக ஓட்டினாலே போதும்.

பிரேக் பிடிக்கும் இடங்களும் அப்படித்தான். நீண்ட நேரான இறக்கம், முடிவில் திடீரென்று ஒரு கொண்டை ஊசி வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன்னால் எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக்கை அழுத்துவார்கள். பின்சக்கரம் துள்ளித் துள்ளி இழுபடும். சில வாரங்களில் அங்கே துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாக மேடு பள்ளம் விழுந்துவிடும். பிறகு ஓட்டுபவர்கள் அதைச் சுற்றிப் போகத் தொடங்குவார்கள். ‘பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்’ என்று பலகை வைத்துப் பயனில்லை. வளைவுக்கு முன் சிறு ஏற்றம் கொடுத்தால் வேகம் தானாகவே குறையும். வளைவின் வெளிப்பக்கத்தைக் கிண்ணத்தின் சுவர்போல உயர்த்திக் கட்டினால் பிரேக்கே பிடிக்காமல் சாய்ந்து திரும்பலாம்.

மண்ணின் வகையையும் பார்க்க வேண்டும். களிமண் காய்ந்தால் சிமென்ட், நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு தடத்தையே பெயர்த்து எடுத்துவரும். மணல் கலந்த மண் மழைக்குப் பிறகு சீக்கிரம் ஓட்டத் தயாராகிவிடும். ஆனால் வறண்ட காலத்தில் பொடியாகிப் பறக்கும். மரத்தடி இலைமக்கு மெத்தென்று இருக்கும், தாங்காது. அதைச் சீவி எடுத்துவிட்டு அடியில் உள்ள கனிம மண்ணைத் தொட்டுத்தான் தளம் அமைக்க வேண்டும். தேங்குவதைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் தட்டைக் கற்களைப் பதிப்பார்கள்.

கனடாவில், வான்கூவர் நகரத்தின் வடகரை மலைகளில் இதற்கு வேறொரு விடை கண்டார்கள். சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் ஆகிய மூன்று மலைகளும் நகரத்தின் தோளை ஒட்டி நிற்பவை; மழைக்காட்டு ஈரம், விழுந்து கிடக்கும் பெருமரங்கள், வேர்ப் பின்னல். 1980களிலும் 1990களிலும் டாட் ஃபியான்டர் போன்றவர்கள் விழுந்த தேவதாரு மரங்களையே பிளந்து, ஈரநிலத்துக்கும் வேர்களுக்கும் மேலே ஏணிபோன்ற பாலங்கள் போட்டார்கள். சேற்றைத் தாண்டப் போட்ட பாலங்கள் நாளடைவில் உயர்ந்தன, குறுகின, சவாலாக மாறின. ‘வடகரை பாணி’ என்று உலகமே அதைப் பின்பற்றியது. ஈரத்தில் மரம் மக்குமல்லவா? பழையவை இற்று விழத் தொடங்கியதும் பல இடங்களில் மண்ணுக்கும் கல்லுக்கும் திரும்பினார்கள். 1997இல் தொடங்கிய வடகரை மவுண்டன் பைக் சங்கம் இன்று தடங்களைத் தத்துக் கொடுக்கிறது. தத்தெடுத்தவர்கள் அந்தத் தடத்தின் பராமரிப்பைத் தாங்குவார்கள்.

சக்கரமா, காலா?

சைக்கிள்தான் காட்டைக் கெடுக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. பள்ளம் விழுந்த தடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1994இல் வெளியான மொன்டானா ஆய்வு ஒன்றில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டார்கள். தடத்தில் செயற்கை மழை பெய்வித்து, கரையும் மண்ணை அளந்தார்கள். குளம்பும் காலும்தான் சக்கரத்தைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. நனைந்த தடத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2001இல் வெளியான ஒன்டாரியோ ஆய்வு, தொடப்படாத காட்டுத்தரையில் 500 தடவைவரை நடந்தும் ஓட்டியும் பார்த்தது. செடிகளுக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட சேதத்தில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விலங்குகளைப் பொறுத்தவரை, யூட்டாவின் ஆன்டிலோப் தீவில் காட்டெருமை, மான் வகைகளைக் கவனித்து 2003இல் வெளியான ஆய்வும், நடப்பவரைக் கண்டும் ஓட்டுபவரைக் கண்டும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரி மிரண்டதைத்தான் சொன்னது.

இதை வைத்துக்கொண்டு சைக்கிள்காரர்கள் மார்தட்டிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். அளந்தது ஒரே எண்ணிக்கையில் கடப்பதன் விளைவை. ஒரு மணி நேரத்தில் நடப்பவர் நாலைந்து கிலோமீட்டர் போவார், ஓட்டுபவர் பதினைந்து போவார். காட்டின் எவ்வளவு ஆழம்வரை மனித வாடை எட்டுகிறது என்பது மாறிவிடுகிறது. தலைவிளக்கு மாட்டிக்கொண்டு இரவில் ஓட்டுவது இன்னும் கவலைக்குரியது. பகலெல்லாம் ஒதுங்கியிருந்த விலங்குக்கு மிச்சமிருந்த ஒரே நேரத்தையும் எடுத்துக்கொள்வது அது. பாட்டரி சைக்கிள்கள் வந்தபிறகு, களைப்பு என்ற இயற்கையான எல்லையும் தளர்ந்துவிட்டது.

மண்ணோடு ஒட்டிவருவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துக்கு மேற்கே வைடாக்கரே மலைக்காடு. அங்குள்ள கௌரி மரங்களை ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிர் வேர்வழியாகக் கொல்கிறது. காலணியிலோ டயரிலோ ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணே அதைக் கொண்டுபோகப் போதும். 2018இல் அந்தக் காட்டுப் பகுதியையே மூட வேண்டியதாயிற்று. இன்னொரு வகை ஃபைட்டோஃப்தோரா ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகிலுள்ள ஜாரா என்ற மரங்களின் காடுகளை அரிக்கிறது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகுமுன் டயரைத் தேய்த்துக் கழுவிக் காயவைப்பது ஐந்து நிமிட வேலை. கழுவாத சைக்கிளோடு பெருமையாக வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

ஒரே பாதையில் இரண்டு வேகம்

நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் இடையிலான உரசலில் மண்ணைவிடப் பயமே பெரிது. பின்னாலிருந்து சத்தமில்லாமல் ஒரு சைக்கிள் உரசிப் போனால் அன்றைய நடையின் நிம்மதி போய்விடும். அடிபடாவிட்டாலும் அது உண்மையான பாதிப்புதான். ஓட்டுபவர்கள் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். அதைச் சட்டமாக்கும்போது எதை அளப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2 மீட்டருக்குக் குறைவான காட்டுப்பாதைகளில் சைக்கிள் கூடாது. அனுமதி பெற்ற தடங்கள் விதிவிலக்கு. ஃப்ரைபுர்க் நகரை ஒட்டிய ரோஸ்கோப் மலையின் ‘பார்டர்லைன்’ தடம் அப்படி உருவானது. அளவுகோலை வைத்து அகலத்தை அளந்துவிடலாம் என்ற வசதி அந்த விதிக்கு உண்டு. ஆனால் அகலமான நேர்ச்சாலையில்தான் வேகம் கூடுகிறது. குறுகலான, வளைந்த தடத்தில் யாரும் பறக்க முடியாது. அகலத்தைவிட எவ்வளவு தூரம் முன்னால் தெரிகிறது என்பதை அளப்பதே பாதுகாப்புக்கு உதவும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியை ஒட்டிய மில்க்ரீக் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் இன்னொரு வழியைப் பின்பற்றுகிறார்கள். இரட்டைப்படைத் தேதிகளில்தான் சைக்கிளுக்கு அனுமதி. சைக்கிளே இல்லாமல் நடக்க விரும்புபவர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். கூட்டம் மிகுந்த மலைகளில் இதுபோல நாளைப் பிரிப்பதும், இறக்கத் தடங்களை ஒருவழியாக்குவதும், இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் சைக்கிளுக்கு ஓர் ஏற்றத்தைக் கொடுத்து வேகத்தைத் தணிப்பதும் நன்றாக வேலை செய்கின்றன.

நியூசிலாந்தின் வெலிங்டன் நகராட்சி 1998இல் மகாரா சிகரத்தில் சுமார் 200 ஹெக்டேர் நிலத்தை மவுண்டன் பைக்குக்கென்றே ஒதுக்கியது. மேய்ச்சலாலும் முட்புதராலும் கெட்டுப்போயிருந்த குன்று அது. தன்னார்வலர்கள் தடம் வெட்டினார்கள். வெட்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு நாட்டு மரக்கன்று என்று கணக்கு வைத்து நட்டார்கள். கன்றுகளைத் தின்னும் ஆடுகளையும் போசம் என்ற மரமேறும் விலங்குகளையும் கட்டுப்படுத்தினார்கள். கான்பெராவின் ஸ்ட்ரோம்லோ மலையின் பைன் தோப்புகள் 2003 ஜனவரித் தீயில் எரிந்துபோயின. அதே சரிவில் திட்டமிட்டு அமைத்த தடங்கள் 2009இல் உலக சாம்பியன் போட்டியை நடத்தும் அளவுக்கு வளர்ந்தன. சைக்கிள் வந்ததால் காடு போயிற்று என்ற கதைக்கு நேர்மாறான கதைகள் இவை.

அனுமதியில்லாத தடங்கள் மட்டும் எங்கும் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. காரணம் தேடிப்போனால் அநேகமாக ஒரே இடத்தில் போய் நிற்கும்: அனுமதிக்கப்பட்ட தடம் சலிப்பாக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. வேலி போட்டால் வேலிக்குப் பக்கத்தில் புதுத் தடம் வரும். கள்ளத்தடத்தை மூடுவதென்றால் முதலில் பக்கத்திலேயே அதைவிட நல்ல தடம் ஒன்று இருக்க வேண்டும். பிறகு பழையதை அது தடம் என்றே தெரியாதபடி ஆக்க வேண்டும். இறுகிய மண்ணைக் கடப்பாரையால் கிளறிவிட வேண்டும், குறுக்கே கட்டைகளைப் பாதியளவு புதைத்துத் தண்ணீரை மறிக்க வேண்டும், நுழைவாயிலிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்வரை சருகும் கிளையும் பரப்பிச் செடி நட வேண்டும். கண்ணுக்குத் தடம் தெரிந்தால் கால் போகும், சக்கரமும் போகும்.

மழையில் நாங்கள் பார்த்த அந்த நேர்க்கோட்டை இப்படித்தான் மூடினோம். நாலு வார இறுதிகள் பிடித்தது. இரண்டாவது மழைக்காலத்தில் போய்ப் பார்த்தபோது, புதைத்த ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஒரு கைப்பிடி மண் சேர்ந்திருந்தது. அதில் விரல் நீளத்துக்குப் பெரணி சுருண்டிருந்தது. மேலே, தடம் தொடங்கிய இடத்தில் மட்டும் ஒற்றை டயர் அச்சு ஒன்று பத்தடி தூரம் வந்து, முதல் கட்டையருகே நின்று, திரும்பிப் போயிருந்தது.